குறிஞ்சியும் நெய்தலும் கைகோக்கும் கரை

கொரியத் தீபகற்பத்தின் தென்கிழக்கு முனையில் மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. புசான் அந்தச் சரிவிலேயே குடியேறிவிட்ட நகரம். பேருந்து ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது இருபுறமும் பைன் மரங்கள். வெளியே வரும்போது கண்கொள்ளாத நீலம். ஹேயுன்டே கடற்கரையில் கால் நனைத்தபடி திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக் கோபுரங்களின் தோளுக்குப் பின்னாலிருந்து 634 மீட்டர் உயர ஜாங்சான் மலை எட்டிப் பார்க்கிறது. அலையில் நின்றுகொண்டே மலையைக் காணும் பேறு எத்தனை பெருநகரங்களுக்கு வாய்த்திருக்கிறது?

அகப்பாட்டில் தோய்ந்தவர்களுக்கு இந்த ஊர் இன்னொரு விதமாகவும் இனிக்கும். மலைக்குக் குறிஞ்சி, அங்கே காதலர் கூடுவர். கடலுக்கு நெய்தல், அங்கே பிரிந்தவரை எண்ணி இரங்குவர் என்று நிலத்தையும் நெஞ்சையும் சேர்த்தே முடிந்து வைத்தவர்கள் நம் முன்னோர். ஒரு நிலத்துக்குள் இன்னொன்று வந்து கலந்தால் அதையும் திணைமயக்கம் என்று வரவேற்றார்கள். புசான் முழுக்க முழுக்கத் திணைமயக்கத்தால் ஆனது. கோடையில் இங்கே கைகோத்து வரும் ஒவ்வொரு ஜோடியின் மகிழ்ச்சிக்கும் பக்கத்தில் பழைய காத்திருப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது மகிழ்ச்சியின் ஒளியைக் குறைப்பதில்லை. அதற்கு ஆழம் கூட்டுகிறது. என் கணவரோடு ஒரு கோடையில் இந்த ஊரைச் சுற்றியபோது நான் சொக்கிப் போனது இந்த நயத்தில்தான். வாருங்கள், ஒவ்வோர் இடத்தின் முன்னும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஜூலை பிற்பகுதியில் பருவமழை ஓய்ந்ததும் கொரியாவே கடலை நோக்கித் திரும்பிவிடுகிறது. சியோலில் காலையில் கேடிஎக்ஸ் விரைவு ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் புசான். அந்த ரயிலில் இளம் ஜோடிகளைப் பார்ப்பதே ஒரு இன்பம். ஒரே மாதிரி உடுத்துவது அங்கே காதலர்களிடம் வெகுநாளாக உள்ள வழக்கம். எங்களுக்கு எதிர்வரிசையில் இருந்த இருவரும் வெள்ளையில் இளநீலக் கோடு போட்ட ஒரே சட்டை அணிந்திருந்தார்கள். அவன் மேல்பொத்தான் வரை ஒழுங்காகப் போட்டிருந்தான். அவள் கையை முழங்கை வரை மடித்து, முன்பக்க நுனியை மட்டும் இடுப்பில் செருகியிருந்தாள். ஒரே துணிதான்; ஆனால் இரண்டு சுபாவங்கள் அதில் தனித்தனியே தெரிந்தன. விரல்களில் அலங்காரம் எதுவும் இல்லாத மெல்லிய ஜோடி மோதிரம். பொதுவில் அதிகம் பேசிக்கொள்ளாத, தொட்டுக்கொள்ளாத அந்தப் பிள்ளைகள் தங்கள் உறவை ஊருக்கு எவ்வளவு நாசூக்காக அறிவிக்கிறார்கள்!

ஹேயுன்டே ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பிறையாக வளைந்து கிடக்கும் மணல். கோடையில் வாடகைக் குடைகள் அணிவகுத்து நிற்க, வளையத்தில் மிதக்கும் பிள்ளைகளின் கூச்சல் அலைக்கு மேல் கேட்கும். அந்தக் கோலாகலத்துக்கும் ஓர் அழகு உண்டு. ஆனால் ஹேயுன்டேயின் நுட்பமான அழகைக் காண விடியற்காலை போக வேண்டும், அதுவும் கோடையின் முற்பகுதியில். இன்னும் சூடேறாத கடல்மேல் தெற்கிலிருந்து ஈரமும் வெப்பமும் சுமந்த காற்று வந்து படியும்போது மூடுபனி எழுகிறது. முதலில் அடிவானக் கோடு மறையும். பிறகு மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையும். அதன்பின் பனி கரையேறி, கோபுரங்களின் இடுப்பைச் சுற்றிக்கொள்ளும். உச்சிகள் மட்டும் வெயிலில் மிதக்க, அடித்தளம் எங்கே என்றே தெரியாது. மனிதன் கட்டிய அத்தனை உயரத்தையும் ஒரு மெல்லிய ஈரம் இவ்வளவு கனிவாகத் தன் வசமாக்கிக்கொள்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பக்கத்தில் நிற்பவரின் முகம் மட்டும் தெளிவாகத் தெரியும், மற்றதெல்லாம் வெண்மை. இருவராகப் போனவர்களுக்கு இயற்கை தரும் தனிமை அது.

கரையின் மேற்கு நுனியில் டோங்பேக் தீவு. ஒரு காலத்தில் தனித்தீவாக இருந்து, மணல் சேர்ந்து சேர்ந்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. பைன் மரங்களும் கமேலியா மரங்களும் அடர்ந்த அதன் சுற்றுப்பாதை காதலருக்கென்றே அளவெடுத்தது: இருவர் தோளோடு தோள் நடக்கலாம், ஓரிடத்தில் நின்று கடல் பார்க்கலாம், களைத்தால் உட்காரலாம். கமேலியா குளிரில் பூப்பது. கோடையில் பூ இல்லை. அந்த இலையைப் பாருங்கள் என்பேன். கெட்டியான, கரும்பச்சையான, எண்ணெய் தடவித் துடைத்ததைப் போன்ற இலை. அலையிலிருந்து துள்ளும் வெளிச்சம் கீழிருந்து அதன்மேல் விழுந்து நெளிகிறது. ஒவ்வொரு இலையும் கொஞ்சம் கடலை வாங்கிக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த மரத்துக்குப் பூ எதற்கு?

அங்கேதான் ஒரு பாறையில் ஹேயுன்டே என்ற பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கியவர் சில்லா நாட்டு அறிஞர் சோய் சிவோன் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. 857-ல் பிறந்தவர், பன்னிரண்டு வயதில் படிப்புக்காகச் சீனம் போய், பதினெட்டு வயதில் தாங் அரசின் தேர்வில் தேறியவர். நாடு திரும்பி அரசியலில் மனம் கசந்து, பதவியை உதறிவிட்டு ஊர் ஊராக அலைந்தார். அலைந்தவர் இந்தக் கடலின் முன் நின்றார், தன் புனைபெயரையே இடத்துக்கு வைத்தார் என்கிறார்கள். உப்புக்காற்றும் நூற்றாண்டுகளும் தேய்த்த அந்த எழுத்துகளின் விளிம்பு இன்று மழுங்கியிருக்கிறது. செதுக்கிய கோடு எங்கே முடிகிறது, பாறையின் இயற்கையான வரி எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி கல்லும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. கையெழுத்து இப்படித்தான் முதிர வேண்டும்.

இனி மிபோவுக்குப் போவோம். ஹேயுன்டேயின் கிழக்கு முனையிலிருக்கும் சிறிய படகுத்துறை. அங்கிருந்து மலையடிவாரத்தை ஒட்டி, கடலை விட்டு விலகாமல் ஒரு பழைய இருப்புப்பாதை ஓடுகிறது. 1934-ல் ஹேயுன்டேக்கு வந்த ரயில் இந்தப் பக்கமாகத்தான் கிழக்குக் கரையைத் தொட்டது. 2013-ல் பாதையை உள்நாட்டுப் பக்கம் மாற்றியபோது இந்தத் தண்டவாளம் வேலையற்றுப் போனது. அதைப் பெயர்த்து விற்காமல், 2020-ல் உலாவுக்கான வழியாக மாற்றினார்கள். கீழே சோங்ஜோங் வரை 4.8 கிலோமீட்டருக்குக் கடற்கரை ரயில். அதற்கு மேலே, சியோங்சாபோ வரை இரண்டு கிலோமீட்டருக்குத் தூண்களின் மேல் ஊரும் குட்டிப் பெட்டிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வண்ணத்துக்கு ஒன்றாக வரிசையில் வரும் அந்தப் பெட்டிகளுக்கு ஸ்கை கேப்ஸ்யூல் என்று பெயர். நான்கு பேர் அமரலாம். ஆனால் இருவருக்கென்றும் சீட்டு கொடுக்கிறார்கள்.

அந்தப் பெட்டியின் வேகம்தான் அதன் முழு அழகும். மனிதன் நடக்கும் வேகம். இரண்டு கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. விரைவு ரயிலில் வந்திறங்கிய நாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று, காசு கொடுத்து, மெதுவாகப் போவதை வாங்குகிறார்கள்! ஏழு முதல் பத்து மீட்டர் உயரத்தில், பைன் கிளைகளின் தலைமட்டத்தில் நகர்கிறோம். கையெட்டும் தூரத்தில் ஒரு பைன் காய் வருகிறது. அதன் செதில்களை எண்ணிவிடலாம் போல இருக்கிறது. எண்ணி முடிப்பதற்குள் போகாது என்ற தைரியமும் இருக்கிறது. கிளைகளின் இடைவெளியில் கடல் ஒரு முறை பச்சையாக, ஒரு முறை ஈயநிறமாக, மேகம் விலகினால் மயில்கழுத்தாக வந்து போகிறது. முன்னே போகும் மஞ்சள் பெட்டியில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா பையிலிருந்து பழத்துண்டு ஒன்றை எடுத்துக் கணவர் வாயருகே நீட்டுவதும், அவர் கடலை விட்டுக் கண்ணெடுக்காமலே வாங்கிக்கொள்வதும் கண்ணாடி வழியே தெரிந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"நீயும் ஏதாவது கொண்டு வந்திருக்கலாம்ல" என்றார் இவர்.

கீழே போகும் கடற்கரை ரயிலில் இன்னொரு நயம். அதன் இருக்கைகள் போகும் திசையை நோக்கி இல்லை. எல்லாமே கடலை நோக்கித் திரும்பியிருக்கின்றன. அதில் ஏறுபவர் எவரும் எங்கேயோ போய்ச் சேர ஏறவில்லை என்று அதை வடிவமைத்தவர் புரிந்துகொண்டிருக்கிறார். இருவர் அருகருகே அமர்ந்து, ஒரே அலையை ஒரே கணத்தில் பார்க்க ஒரு மர இருக்கை. அதைவிட நல்ல இருக்கையை நான் எந்த மாளிகையிலும் கற்பனை செய்ய மாட்டேன்.

பெட்டி நிற்கும் சியோங்சாபோ ஒரு மீனவர் துறை. இங்கே நெய்தல் தன் முழு உருவில் நிற்கிறது. முன்பொரு காலத்தில் மீன்பிடிக்கப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி நாள்தோறும் பாறைமேல் ஏறி நின்று கடலைப் பார்த்தாள். அவள் தவிப்பைக் கண்டு மனமிரங்கிய கடலரசன் ஒரு நீலப் பாம்பை அனுப்ப, அது அவளைக் கடலடி அரண்மனைக்கு அழைத்துப் போய்க் கணவனோடு சேர்த்து வைத்தது. ஊர்க்கதை இவ்வளவுதான். அவளுடையது என்று சொல்லப்படும் முதிய பைன் மரம் இன்றும் துறையருகே இருக்கிறது. அதன் கிளைகள் நேராக உயராமல் பக்கவாட்டில் நீண்டு, கைகளால் முட்டுக்கொடுத்து எழுந்து பார்ப்பவர் போலக் கடற்பக்கம் சாய்ந்திருக்கின்றன. பட்டையின் பிளவுகள் ஆழமானவை. விரல் வைத்தால் பாதி உள்ளே போகும். நம் பாட்டுகளில் புன்னை நிழலில் நின்று கலங்கும் தலைவிக்கு இவள் உடன்பிறந்தவளே. கதையின் முடிவில் இவள் கரையில் நிற்கவில்லை, கடலுக்குள் போய்க் கூடுகிறாள் என்பதுதான் அந்த ஊர் தன் மகளுக்குச் செய்த அருள்.

அவள் பார்த்திருந்த அதே நீரில் இன்று இரண்டு கலங்கரை விளக்கங்கள், அலைதடுப்புச் சுவர்களின் நுனியில் ஒன்றை ஒன்று பார்த்தபடி நிற்கின்றன: ஒன்று செக்கச் சிவப்பு, மற்றது தூய வெள்ளை. ஜோடி விளக்கங்கள் என்று காதலர்கள் அவற்றின் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிறங்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. கொரியக் கடல் விதிப்படி, துறைக்குத் திரும்பும் படகு சிவப்பைத் தன் வலப்பக்கமும் வெள்ளையை இடப்பக்கமும் வைத்து நுழைய வேண்டும். இரவில் சிவப்பு விளக்கம் சிவந்த ஒளியும், வெள்ளை விளக்கம் பச்சை ஒளியும் காட்டும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு வாசல். ஒன்று அணைந்தால் மற்றது பாதி வழியைத்தான் சொல்ல முடியும். வீடு திரும்புகிறவனுக்காக நிற்கும் அந்த இருவரைப் பார்த்தபோது, தாம்பத்தியத்துக்கு இதைவிட நல்ல சிற்பம் எவரும் வடிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

கடற்காற்று பசியைக் கிளப்பும். புசானின் கோடைப் பசிக்கு ஊரே கைகாட்டுவது மில்ம்யோன். 1950-ல் கொரியப் போர் மூண்டபோது வடக்கிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் லட்சக்கணக்கில் இந்த நகரத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். புசான்தான் அப்போது தற்காலிகத் தலைநகரம். அவர்களுக்குத் தங்கள் ஊர்க் குளிர்ந்த நூடுல்ஸின் மேல் ஏக்கம். ஆனால் அதற்கு வேண்டிய பக்வீட் மாவு இங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு. அதோடு கிழங்கு மாவைக் கலந்து பிழிந்து, நினைவிலிருந்த சுவையை நோக்கி ஒரு புதிய உணவை உண்டாக்கினார்கள். ஊர் திரும்பும் வரைக்கும் என்று நினைத்திருப்பார்கள். திரும்ப முடியாமல் போனவர்களின் தட்டு, இன்று ஒரு நகரத்தின் பெருமை.

அந்தக் கிண்ணத்தை அருகே இழுத்து வைத்துப் பாருங்கள். எல்லோரும் சித்தி முறை வைத்து அழைக்கும் கடைக்கார அம்மா முதலில் ஒரு கெண்டியில் சூடான எலும்புச்சாறு கொண்டுவந்து வைக்கிறார். சிறிய எவர்சில்வர் குவளையில் ஊற்றிக் குடித்து வயிற்றைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பிறகு வருகிறது கிண்ணம். வெளிப்புறமெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருக்கிறது. உள்ளே மங்கிய பழுப்பு நிறச் சாறு, அதன்மேல் நொறுங்கிய பனிச்சில்லுகள். நடுவே இடியாப்பத்தைவிட இழுவையான, வெளிறிய மஞ்சள் இழைகள் கூந்தல் முடிச்சாகச் சுருண்டிருக்கின்றன. முடிச்சின் உச்சியில் ஒரு கரண்டிச் செங்காரக் குழம்பு. பக்கத்தில் மெல்லச் சீவிய வெள்ளரி, ஊறிய முள்ளங்கி, இறைச்சித் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே பாதி முட்டை. அம்மா கத்தரிக்கோலை எடுத்துக் கிண்ணத்துக்குள் விட்டு இரண்டே வெட்டு வெட்டுகிறார், குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. ஒரு சொட்டு தெறிப்பதில்லை.

காடியும் கடுகுச் சாந்தும் அவரவர் கைப்பக்குவம். கலக்கும்போது செந்நிறம் நூல் நூலாகப் பனிச்சாற்றில் இறங்கி, கிண்ணம் அந்திவானம் ஆகிறது. முதல் வாயில் பல் கூசும் குளிர்ச்சி; அதன் பின்னால் மெல்ல ஏறும் காரம்; கடைசியில் மூலிகை வாசம் மூக்கில் தங்குகிறது. குளிரும் காரமும் ஒரே நாவில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. எதிரே இருந்த இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "குளிருது, எரியுது, ஆனா விடமுடியல" என்றார். மில்ம்யோனுக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை.

அந்த அகதிகள் வீடு கட்டிக்கொண்ட இடங்கள்தான் புசானின் குறிஞ்சி. சமநிலம் எஞ்சியிருக்கவில்லை, மலைச்சரிவில் ஏறினார்கள். அவற்றில் புகழ்பெற்றது கம்சோன். 2009-ல் தொடங்கிய பொதுக்கலைத் திட்டத்தால் வண்ணம் பூசிக்கொண்டு, இன்று உலகெங்குமிருந்து ஆட்களை அழைக்கும் கிராமம். வண்ணங்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் வரிசையைப் பாருங்கள். படிப்படியாக ஏறும் அந்தச் சிறிய வீடுகள், முன்வீடு பின்வீட்டின் பார்வையை மறைக்காதபடி அடுக்கப்பட்டிருக்கின்றன. பறவையின் கூடளவு வீட்டுக்கும் அதன் பங்குக்குரிய வானமும், தூரத்தில் ஒரு கீற்றுக் கடலும் உண்டு. எல்லாம் இழந்து வந்தவர்கள், கையகல இடத்துக்குப் போட்டியிட்டிருக்கக்கூடிய நேரத்தில், அண்டை வீட்டானின் சன்னலை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சந்துகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். முன்னே போகிறவர் படியின் உயரத்தைச் சொல்ல, பின்னே வருகிறவர் அடியெடுத்து வைக்கும் அந்த நடையும் இனியதே.

பொழுது சாயும்போது குவாங்அல்லி கடற்கரையில் இருக்க வேண்டும். நெய்தலுக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்தவர்கள் கடலோரம் வாழ்ந்து பார்த்தவர்கள்தான் என்பது அங்கே புரிகிறது. பகலெல்லாம் சாம்பல் நிற எஃகுக் கோடாகத் தெரிந்த குவாங்கன் பாலம், வெளிச்சம் வடிய வடிய உயிர் பெறுகிறது. 2003-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 7.42 கிலோமீட்டர் நீளம். கரையின் முன் கடலின் மேலேயே வளைந்து போகிறது. மற்ற ஊர்களில் பாலத்தைக் காணத் தேடிப் போக வேண்டும். இங்கே மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் பாலம் முழு நீளத்துக்கும் கண்முன் விரிகிறது.

கொஞ்சம் கூர்ந்து பாருங்கள், அது ஒரு சாலை இல்லை, இரண்டு. மேலடுக்கில் வண்டிகள் ஒரு திசையில், கீழடுக்கில் எதிர்த்திசையில். இரவில் முகப்பு விளக்குகளின் வெண்சரம் ஒரு தளத்திலும், பின்விளக்குகளின் செஞ்சரம் இன்னொரு தளத்திலும் எதிரெதிராக ஓடுகின்றன. அவற்றுக்கு மேலே, இரு கோபுரங்களிலிருந்து தொங்கும் வடங்களின் வளைவு. அந்த வளைவை யாரும் வரையவில்லை, பாரம் வரைந்தது. எவ்வளவு எடை தொங்குகிறதோ அதற்கேற்ப வடம் தானே தேடிக்கொண்ட சாய்வு அது. வடத்தில் பொருத்திய விளக்குகள் நீலத்திலிருந்து ஊதாவுக்கும், ஊதாவிலிருந்து பொன்னுக்கும் கசியும்போது, நீரில் விழும் பிம்பம் அரை நொடி பிந்தி மாறுவதாகத் தோன்றும். அலை அதை உடைத்து உடைத்துச் சேர்ப்பதால் கண்ணுக்கு நேரும் மயக்கம்.

மணலெங்கும் பாய்கள். ஒவ்வொரு பாயிலும் இருவர், நடுவில் பொரித்த கோழிப் பெட்டி ஒன்று, செருப்புகள் பாயின் ஓரத்தில் ஜோடியாக. ஆயிரம் பேர் இருந்தும் இரைச்சல் இல்லை. சனிக்கிழமை இரவுகளில் நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் கரையிலிருந்து எழுந்து, விண்மீன்களைக் கலைத்து அடுக்குவதுபோல வானில் படம் வரைகின்றன. ஒரு வடிவம் கலைந்து அடுத்தது சேரும் இடைவெளியில்தான் அதன் உயிர் இருக்கிறது: எந்தப் புள்ளி எங்கே போகும் என்று தெரியாமல் ஊரே அண்ணாந்து நிற்கும் அந்தச் சில நொடிகள்.

நகரத்தின் தென்முனையில் யோங்டோ தீவு. அதன் மேற்குக் கரையில், கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையின் விளிம்பில் ஹின்யோவுல் கிராமம். வெள்ளைச் சுவர், நீலச் சன்னல், ஓராள் படிக்கட்டு. வாசலில் காயும் துணிக்கும் தொடுவானத்துக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை. கீழே நங்கூரமிட்டு முறைக்குக் காத்திருக்கும் பெருங்கப்பல்கள் நீர்ப்பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. இந்தத் தீவில் இன்றும் ஹேன்யோக்கள் இருக்கிறார்கள்: ஜேஜு தீவிலிருந்து பிழைப்புக்காக வந்து தங்கிய மூழ்குபெண்களின் மரபு. மூச்சுக்கருவி இல்லாமல் கடலடிக்குப் போய்ச் சங்கும் சிப்பியும் கடல்முள்ளெலியும் எடுத்து வருகிறவர்கள். பலருக்கும் அறுபது, எழுபது வயது தாண்டிவிட்டது.

கரைப்பாறையில் அமர்ந்து அவர்களைக் கேளுங்கள். பார்ப்பதற்கு முன் கேளுங்கள். நீரில் ஓர் ஆரஞ்சு நிற மிதவை ஆடிக்கொண்டிருக்கும்; ஆளைக் காணோம். நாமும் அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். நமக்கு முட்டிய பிறகும் அவர் வருவதில்லை. திடீரென்று மிதவையருகே ஒரு கருந்தலை, கூடவே ஒரு சீழ்க்கை. நுரையீரலில் அடக்கி வைத்த காற்றை ஒரேயடியாக விடாமல், உதடு குவித்து இழையாக விடும் ஒலி அது. சும்பிசோரி என்பார்கள். கூர்மையாகத் தொடங்கி, நடுவில் நெகிழ்ந்து, கடைசியில் வெறும் காற்றாகத் தேய்கிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரவர் சுருதி. ஒருவர் விசில் கேட்டதும் தள்ளி எங்கோ இன்னொரு விசில் எழுகிறது. இருக்கிறேன், நானும் இருக்கிறேன் என்று கடல்மேல் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது போல. உலகின் அழகிய இசைகளில் அதையும் வைக்க நான் தயங்க மாட்டேன்.

தீவையும் நகரத்தையும் இணைப்பது 1934-ல் கட்டிய யோங்டோ பாலம். கப்பல் போக வழிவிட்டு, சாலையே தூக்கி நிறுத்தப்படும் பாலம் என்பதால் நாடு முழுக்க அதன் பெயர் தெரியும். அந்தப் புகழே போர்க்காலத்தில் அதை ஒரு சத்தியமாக்கியது. ஓடும் கூட்டத்தில் பிரிய நேர்ந்தவர்கள், புசானில் யோங்டோ பாலத்தடியில் சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்தார்கள். கணவனைத் தேடும் மனைவி, தங்கையைத் தேடும் அண்ணன், பிள்ளையைத் தேடும் தாய் என்று பாலத்தடி நெடுக ஆட்கள் நின்றார்கள். பிரிந்த பெண்ணொருத்தியைத் தேடும் பாட்டை 1953-ல் ஹியோன் இன் பாடியபோது நாடே உடன் கலங்கியது. பாலத்தருகே இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. 1966-ல் பாலம் தூக்குவது நின்றது. 2013-ல், பழைய உருவம் கெடாமல் புதுப்பித்து, மறுபடி தூக்கத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் 2 மணி. மணி ஒலிக்க, வண்டிகள் நிற்கின்றன. சாலையின் ஒரு துண்டு, வெள்ளைக் கோடும் விளக்குக்கம்பமுமாக, ஏறக்குறைய 31 மீட்டர், மெல்ல நெஞ்சை நிமிர்த்துகிறது. கண்ணுக்குத் தெரியாத நிதானத்தில் தொடங்கி, செங்குத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கிறது. அடிவயிற்றில் தீட்டிய கடற்காகங்கள் இப்போதுதான் வெளியே தெரிகின்றன. கிடந்த பாலம் நின்றதும் அவை பறக்கின்றன! அவசரமாக வந்த பேருந்தும், பொருள் ஏற்றிய லாரியும், கைகோத்த ஜோடிகளும் வேறு வழியில்லாமல், வேறு வழியை விரும்பாமலும், ஒன்றாகக் காத்திருக்கிறார்கள். எழுபதாண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நின்றவர்களின் காத்திருப்பில் கால் மணி நேரத்தை இந்த நகரம் வாரந்தோறும் தன் மக்களுக்கும் விருந்தினருக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி பாலத்தைப் பார்க்கவே இல்லை. நின்றிருந்த முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே கோடையில் இருவராகப் புசானுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நடுவில் ஒரு சனிக்கிழமை வரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணிக்கே போய்க் கைப்பிடிச் சுவரோரம் இடம் பிடித்துவிடுங்கள். பாலம் எழும்போது கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதும் பாருங்கள். சாலை இறங்கித் தரையோடு பொருந்தியதும் முதல் ஆட்களாக நடந்து நகரத்துப் பக்கக் கரைக்குப் போங்கள். சில நிமிட நடையில் ஜகல்சி மீன்சந்தை. ரப்பர் பூட்ஸ் போட்ட அம்மாக்கள் கை தட்டி உள்ளே அழைப்பார்கள். அன்றைய மீனில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, சுடச்சுட வறுத்துத் தரச் சொல்லி, இரண்டு பேரும் வயிறார உண்ணுங்கள்.